கசகசா அளவு மூச்சு

ஹோமோக்கூட் கிராமத்தில் வெண்டெலிடம் அடி வாங்காத ஆண்பிள்ளை இல்லை. பாதிரியாரை மட்டும் விட்டுவைத்திருந்தான், அவரும் ஒருமுறை வேலி தாண்டி ஓடியதால்தான் தப்பித்தார். சீட்டாட்டத்தில் ஒரு சொல், சாராயக்கடையில் ஒரு பார்வை, எதுவும் போதும். கை முதலில் நீளும், காரணம் அப்புறம் வரும். அவன் மனைவி இதையெல்லாம் பதினோரு வருடம் பொறுத்தாள். பன்னிரண்டாம் வருடம் உடைந்த மூக்கோடு பேருந்து ஏறிப் போனவள் திரும்பவில்லை. அவள் செய்தது சரி.

ஆனாலும் குளிர்காலம் வந்துவிட்டால், அடி வாங்கினவனே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெண்டெலின் வாசலில் வந்து நிற்பான். அவனைப் போல் பன்றி அறுக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. விடிகிற வேளையில் வருவான். வீட்டுக்காரர் நீட்டும் பாலிங்காவில் பாதியைக் குடிப்பான், மீதிப் பழச்சாராயத்தால் கத்தியையும் கையையும் கழுவுவான். நாலு பேர் பன்றியின் காலைப் பிடித்துக் கவிழ்ப்பார்கள். அது போடும் கூச்சலில் தெருவே விழித்துக்கொள்ளும். ஒரே குத்து. கழுத்தில் கத்தி இறங்கி வெளியே வரும்போது ரத்தம் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்கும், பன்றியின் சத்தம் கேட்காது. பிறகு வைக்கோல் போட்டுக் கொளுத்தி மயிரைப் பொசுக்கி, முதுகைப் பிளந்து, மத்தியானத்துக்குள் ஒரு உயிரைச் சாசேஜாகவும் கொழுப்பாகவும் மாற்றிவிடுவான்.

கூடவே அவன் தம்பி லோரின்ட்ஸ் வருவான். அண்ணனுக்குப் பத்து வயது இளையவன், கை ஓங்கத் தெரியாதவன், வாய் மட்டும் இருவருக்கும் சேர்த்து இருந்தது. குடல் கழுவுவது அவன் வேலை. அது முடிந்ததும் அவனுடைய வேடிக்கை ஒன்று உண்டு. அறுத்தெடுத்த நுரையீரலைத் தூக்கிப் பிடித்து, மூச்சுக்குழலில் வாயை வைத்து, கன்னம் புடைக்க ஊதுவான். செத்த பன்றியின் நுரையீரல் இளஞ்சிவப்பாக உப்பி எழும். "பாருங்க, பன்னி பெருமூச்சு விடுது, என் பொண்டாட்டிய நெனச்சுக்கிச்சு போல" என்பான். பெண்கள் சிரித்துக்கொண்டே அவன்மேல் உப்பை எறிவார்கள். அவன் மனைவி இல்கா குடல் தட்டாலேயே முதுகில் ஒன்று போடுவாள். ஒவ்வொரு வருடமும் அதே வேடிக்கை, அதே சிரிப்பு.

அந்த வருடம் டிசம்பரில், கால்வாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய வாத்துப் பண்ணையில் காய்ச்சல் விழுந்தது. காட்டு வாத்துகள் கொண்டுவந்த காய்ச்சல் என்றார்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் லாரிகளில் வந்து, கொட்டகைகளின் சன்னல்களைப் பிளாஸ்டிக்கால் மூடி, உள்ளே வாயுவைத் திறந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான சிறகுகள் தகரத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம் கிராமம் வரைக்கும் கேட்டது. பிறகு அது நின்றது. இயந்திரக் கை வெள்ளைக் குவியல்களை அள்ளிப் பள்ளத்தில் தட்டியது. கரைமேல் நின்று பார்த்த வெண்டெலுக்கு வயிறு எரிந்தது. வாத்துகளுக்காக இல்லை, வீணாகிற கறிக்காக. அறுப்பவன் புத்தி அப்படித்தான். ஒரு துளி ரத்தத்தைக்கூட மண்ணில் விடாமல் வளர்ந்தவன் அவன்.

லாரிகள் வருவதற்கு முன்னாலேயே வேலியோரம் செத்துக் கிடந்தவற்றில் இரண்டு கோணி எடுத்துவந்திருந்தான். தான் தின்பதற்கு இல்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. கோடரியால் கொத்தி, பச்சையாகவே கழனித் தண்ணீர் வாளியில் போட்டுப் பன்றிக்கு ஊற்றினான். தலைகளைப் பன்றி மொறுமொறு என்று மென்றது. நான்கே நாளில் கோணிகள் காலி. அதோடு அவன் அதை மறந்தும் போனான். பன்றிக்குத் தீனி போட்டதை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

ஜனவரியில் தன் பன்றியை அறுக்க வெண்டெல் ஊரில் பத்துப் பேரை அழைத்தான். காலைப் பிடித்துக் கவிழ்க்கும்போதே அது இருமியது. எல்லாருக்கும் கேட்டது, யாரும் வாய் திறக்கவில்லை. வெண்டெல் வீட்டில் யார் திறப்பார்கள்? லோரின்ட்ஸ் வழக்கம்போல நுரையீரலைத் தூக்கி ஊதினான். ஒரு பக்கம் உப்பியது. மறு பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, ஈரல் மாதிரி கெட்டியாகக் கிடந்தது. மறுபடி மூச்சை இழுத்து ஊதினான். எழும்பவில்லை.

"அண்ணே, இங்க பாரு. பாதி ஊதல. இது நோய்ப்பன்னி."

"வாய மூடிக்கிட்டு குடலக் கழுவுடா."

"நான் மூடிக்கிறேன். பன்னி மூடலையே, காலையில இருந்து இருமுச்சே. அப்படி என்னத்தப் போட்டு வளர்த்த?"

பத்துப் பேர் முன்னால், பன்றி அறுக்கிறவனைப் பார்த்து உன் பன்றி நோய்ப்பன்றி என்று சொல்லியாயிற்று. வெண்டெலின் முஷ்டி தம்பியின் நெஞ்சில் இறங்கியது. விழுந்தவனைப் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். உள்ளே ஏதோ ஒடிந்த சத்தம் உதைத்தவனுக்கே கேட்டது. இல்கா அலறிக்கொண்டு வந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். லோரின்ட்ஸ் பனியில் உட்கார்ந்து சிவப்பாகத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"பன்னிக்கே ஒரு குத்துதான். எனக்கு மூணா? அநியாயம்ணே."

அதுதான் அவன் அண்ணனிடம் சொன்ன கடைசி வேடிக்கை. நாலாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சு விட முடியாமல் செகெட் நகரத்து மருத்துவமனை. ஒன்பதாம் நாள், குழாயும் முகமூடியுமாக, முப்பத்தொன்பது வயதில் செத்துப்போனான்.

கல்லறையில் இல்கா மண்வெட்டியைப் பிடுங்கி வெண்டெலின் முகத்தில் வீசினாள். புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. "கொலைகாரா! ஒடச்ச எலும்பு நுரையீரலக் குத்திடுச்சு! உன் கூடப்பொறந்தவனடா அவன்!" யாரும் அவளைத் தடுக்கவில்லை. நுரையீரல் காய்ச்சல் என்று மருத்துவர் எழுதினார், விலா எலும்பு இரண்டு ஒடிந்திருக்கிறது என்றும் எழுதினார். எது கொன்றது என்று எழுதவில்லை. போலீசிடம், பனியில் வழுக்கி விழுந்தான் என்று பத்துப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வெண்டெலைக் காப்பாற்றவில்லை அவர்கள், தங்கள் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதையும் செய்தார்கள். சாராயக்கடை வாசலில் ஐந்து பேர் சேர்ந்து அவனைப் புரட்டி எடுத்தார்கள். இரண்டு பல் போயிற்று. அவனும் ஒருவன் தாடையை உடைத்துவிட்டுத்தான் விழுந்தான். அடுத்த குளிர்காலம் உள்ளூரில் ஒருவரும் அவனை அறுக்கக் கூப்பிடவில்லை. பழைய மோட்டார் சைக்கிளில் தூரத்துக் கிராமங்களுக்குப் போய்வந்தான். எதிரே வந்தால் இல்கா அவன் பூட்ஸில் துப்புவாள். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது ஒன்றுதான்: அந்த எலும்பு ஒடிந்த சத்தம். அதுதான் கொன்றதா? தலையணையில் தலை வைத்தால் அந்தக் கேள்வி, கத்தி தீட்டினால் அந்தக் கேள்வி. ஆம் என்று விஷயம் தெரிந்த யாராவது சொல்லியிருந்தால் கொட்டில் உத்தரத்தில் தொங்கியிருப்பான். இல்லை என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து நடப்பான். சொல்லத்தான் ஆளில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனிக்கோ வந்தாள். செகெட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மருத்துவர், கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், சேற்றில் கார் சிக்கி, முழங்கால் வரை நனைந்து வெண்டெலின் முற்றத்துக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பன்றியின் மூச்சுக்குழல் வேண்டும், அறுத்த ஒரு மணி நேரத்துக்குள்.

"பெரிய அறுப்புக்கூடத்துல போய்க் கேளேன். ஒரு நாளைக்கு ஆயிரம் அறுக்கிறான்."

"அங்க கொதிக்கிற தண்ணியில முக்குறாங்க மாமா. தண்ணி மூச்சுக்குழல்ல ஏறி எல்லாம் வெந்துடுது. நீங்க வைக்கோல்ல பொசுக்குறீங்க. உள்ள பச்சையா இருக்கும்."

மூச்சுக்குழலின் உள்தோலில் ஒரு சுரண்டல் எடுத்து, ஊட்டம் போட்டு வளர்த்தால், கசகசா அளவில் உருண்டைகள் முளைக்கும் என்றாள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி மூச்சுக்குழல். பன்றி இருக்காது, ஆனால் அதன் மூச்சுக்குழல் உயிரோடு இருக்கும். வாத்துடையதும் அப்படி வளர்த்திருக்கிறார்கள், மனிதனுடையதும். வாத்துக்காய்ச்சல் கிருமியை அதில் விட்டால், எந்தப் பிராணிக்குள் அது நுழைகிறது, எதற்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது, எதிலிருந்து எதற்குத் தாவப் பார்க்கிறது என்று தெரிந்துவிடும்.

வெண்டெல் கத்தி தீட்டுவதை நிறுத்தினான். "செத்தவன் எந்தக் கிருமியால செத்தான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"அவரு தொண்டையில இருந்து எடுத்தது எங்கயாவது இருந்தா, ஓரளவுக்குச் சொல்லலாம்."

இருந்தது. லோரின்ட்ஸின் தொண்டையைத் துடைத்த பஞ்சை மருத்துவமனை உறையவைத்திருந்தது. அதைத் தொட இல்காவின் கையெழுத்து வேண்டும். கதவைக்கூட முழுசாகத் திறக்காமல் எனிக்கோ சொன்னதைக் கேட்டாள் இல்கா. பிறகு காகிதத்தைப் பிடுங்கி, பேனா கிழிக்கும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். "அவன் கொலைகாரன்னு எழுத்துல வரட்டும். கல்லறையில ஒட்டி வைக்கிறேன்."

பஞ்சில் வாத்துக்காய்ச்சல் கிருமி இருந்தது. ஆனால் லோரின்ட்ஸ் வாத்துப் பக்கமே போனவன் இல்லையே, எங்கிருந்து வந்தது? கரைமேல் நின்றானா, இறகு மிதித்தானா? அதைப் பார்க்கத்தான் மூன்று பிராணிகளின் உருண்டைகளும் வேண்டியிருந்தன. பன்றியுடையது மட்டும் முளைக்க மறுத்தது. வெண்டெல் புட்டியில் போட்டு அனுப்பிய முதல் மூச்சுக்குழல் செத்துப் போயிருந்தது. இரண்டாவதும். ஐஸ் மாற்றினாள், ஊட்டம் மாற்றினாள், நாலாவதும் செத்தது. ஐந்தாவதுக்கு விடியற்காலையில் அவளே வந்து பக்கத்தில் நின்றாள்.

பன்றி கவிழ்ந்தது, கூச்சலிட்டது, அடங்கியது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மூச்சுக்குழலை முதலில் அறுத்தெடுத்தான் வெண்டெல். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாலிங்கா புட்டியைக் கவிழ்த்து உள்ளும் புறமும் பளபளவென்று கழுவினான்.

"ஐயோ! என்ன பண்றீங்க!"

"சுத்தம் பண்றேன். ஆஸ்பத்திரிக்குப் போற சாமானாச்சே. சாதாரணத்துல கழுவல டாக்டரம்மா, ரெண்டு தடவ வடிச்ச பிளம்ஸ் பாலிங்கா. என் தாத்தா கல்யாணத்துக்குக்கூட இத ஊத்தல."

"இவ்வளவு நாளா இதுலயா கழுவி அனுப்புனீங்க? சாராயத்துல கிருமி மட்டுமா சாகும், எல்லாமே செத்துடும்! ஒரு வருஷம் மாமா! என் ஒரு வருஷத்தக் கழுவி ஊத்திட்டீங்க!"

அந்த ஒல்லிப் பெண் அவன் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். கூடியிருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். வெண்டெலின் கை தானாக உயர்ந்தது. அவளுக்குப் பின்னால், வைக்கோல் மேல், அறுபட்ட நுரையீரல் கிடந்தது. ஊத ஆள் இல்லாமல் சுருங்கிக் கிடந்தது. கையை இறக்கிக்கொண்டான்.

"இன்னொரு பன்னி இருக்கு, அடுத்த ஊர்ல. வா, இப்பவே போவோம்" என்றான்.

அந்தப் பன்றியின் கசகசா முளைத்தது. மார்ச் மாதத்தில் அவனை வரச்சொல்லி எனிக்கோ தொலைபேசியில் கூப்பிட்டாள். கிருமி இருக்கும் அறைக்குள் வெளியாளை விடமாட்டார்கள். அடுத்த அறையில் ஒரு திரைமுன் உட்காரவைத்தாள். அதில் ஓர் உருண்டை, அதன் ஓரமெல்லாம் பொடிப்பொடி மயிர்கள், காற்றடித்த கோதுமை வயல்போல ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்து கொண்டிருந்தன.

"இது உங்க பன்னி. தூசியத் தள்ளுது."

அவன் அறுத்த பன்றி. அதன் சாசேஜைத் தின்றுகூட முடித்திருப்பார்கள். அது இங்கே மூச்சுக்கு வழி பெருக்கிக்கொண்டிருக்கிறது! வெண்டெல் தொப்பியைக் கழற்றினான்.

"இது மாதிரி உருண்டைங்கள்ல லோரின்ட்ஸ் தொண்டையில இருந்த கிருமிய விட்டு, மூணு நாள் படம் எடுத்தோம். முதல்ல வாத்து, பாருங்க."

வாத்தின் உருண்டையில் மயிர்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அங்கங்கே ஓர் அரிப்பு, அவ்வளவுதான். அடுத்தது மனிதனுடையது. முதல் நாள் ஆடியது, இரண்டாம் நாள் தடுமாறியது, மூன்றாம் நாள் ஓரம் உதிர்ந்தது. கடைசியாகப் பன்றி. ஒரே நாளில் மயிர்கள் நின்றன. உருண்டை பிய்ந்து, கிழிந்து, துண்டு துண்டாகக் கரைந்தது. ஆயுள் முழுக்க அறுத்தவன் அப்படியோர் அறுப்பைப் பார்த்ததில்லை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, கூச்சல் இல்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"வாத்தோட கிருமிதான் மாமா. ஆனா வாத்த மறந்துடுச்சு. பன்னிக்குள்ள இருந்து பன்னிக்குப் பழகிடுச்சு, அங்க இருந்து மனுஷனுக்குத் தாவியிருக்கு. நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன், ஆனா என் கையெழுத்துப் போடுவேன். அவருக்கு நோய் பன்னிகிட்ட இருந்து, நேரா மூச்சுக்குழல் வழியா வந்திருக்கணும்."

"அவன் ஊதுவான்" என்றான் வெண்டெல். இரண்டு கையையும் வாயருகே குவித்துக் காட்டினான். "வாயை வச்சு ஊதுவான். ஊதினா மறுபடி இழுக்கணும்ல."

எனிக்கோ திரையை அணைத்தாள். "விலா எலும்பு நுரையீரலத் தொடவே இல்ல. பழைய எக்ஸ்ரே படத்தையும் மருத்துவமனையில வாங்கிப் பாத்தேன். உங்க அடி அவரக் கொல்லல மாமா. ரிப்போர்ட்டு இல்காவுக்கும் தபால்ல போயிருக்கு."

அவன் அழுதான். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, ஊரையே அடித்த மனிதன், தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல ஏங்கி ஏங்கி அழுதான். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அடங்கியதும், பழைய படிவம் ஒன்றை எடுத்து, தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் புரியல. லோரின்ட்ஸ் ஊதின பன்னிக்கு எப்படி வந்துச்சு? கொட்டில விட்டு வெளிய போகாத பன்னி. தீனி என்னன்னு கேட்டப்ப சோளம், பூசணி, வீட்டுக் கழனித்தண்ணின்னு சொன்னீங்க. வேற ஏதாவது?"

வெண்டெலின் காதில் மொறுமொறு என்று ஒரு சத்தம் கேட்டது.

"வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

பேருந்தில் வரும்போது உள்சட்டைப் பையில் அந்த ரிப்போர்ட்டுக் காகிதம் நெஞ்சை உறுத்தியது. அடி இல்லை, கை இல்லை, விடுதலை. அந்தப் பன்றியின் நுரையீரலைத் தூக்கிக்காட்டி, அப்படி என்னத்தப் போட்டு வளர்த்த என்று தம்பி கேட்டானே! அவன் சரியான கேள்வியைத்தான் கேட்டான். பதிலுக்கு உதைதான் கிடைத்தது. மூச்சுக்குழலைப் பாலிங்காவால் கழுவியவன் அந்த வாளியை ஒரு நாளும் கழுவவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது, எனிக்கோவுக்கும் தெரியாது. அவன் வாயை மூடிக்கொண்டால் போதும், நிமிர்ந்து நடக்கலாம்.

இல்கா அவன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். கையில் அதே காகிதம். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தான்" என்றாள். "படிச்சேன். மூணு தடவ படிச்சேன். நான் உங்கள... மண்வெட்டியால அடிச்சேன். எத்தன தடவ துப்பியிருப்பேன்." கையை நீட்டினாள். "ஈஸ்டர் வருது. வீட்டுக்கு வாங்க. அவரு நாற்காலியில உட்காருங்க. ஊர்க்காரங்ககிட்ட நானே சொல்றேன்."

அவள் நீட்டிய கையை அவன் பார்த்தான். அதைப் பிடித்துக்கொள்ள எவ்வளவு ஆசைப்பட்டிருப்பான்! பிடிக்கவில்லை.

"இல்கா, வாத்து" என்றான். "பண்ணை வேலியோரம் செத்துக் கிடந்துச்சு. ரெண்டு கோணி கொண்டாந்தேன். பச்சையா கொத்திப் பன்னிக்குப் போட்டேன். யாருகிட்டயும் சொல்லல. டாக்டரம்மாகிட்டயும் இல்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் விறகுக் குவியலிலிருந்து ஒரு கட்டையை உருவினாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதோரம். பிறகு எங்கே என்று பார்க்காமல் அடித்தாள். அவன் முழங்காலில் விழுந்தான். வாழ்நாளில் ஓர் அடியைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை அவன். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, பன்றியைப் பிடிக்கிறவர்கள் வராமலேயே கவிழ்ந்த பன்றியாக, அவள் கை ஓயும்வரை இருந்தான்.

"எந்த வாளி?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

ரத்தம் கண்ணில் இறங்க, அவன் கொட்டிலைக் காட்டினான். ஆணியில் தொங்கிய தகர வாளியை அவள் பிடுங்கிக் கல்லில் போட்டு, கோடரியின் பின்புறத்தால் அடித்தாள். டணார், டணார் என்று தெருமுனை வரைக்கும் கேட்டது.

வாளிச் சத்தம் கேட்ட உடனே உள்ளே புதுப் பன்றி எழுந்து ஓடிவந்தது. தொட்டியில் முன்னங்காலை வைத்து, மூக்கை நீட்டி, தீனிக்காகக் கத்தத் தொடங்கியது.